நோட்டில் கிராம் இருக்கட்டும்: மதுரையில் ஒரு குடும்ப நகைக்கடையைக் கல்நகைக் கடையாக வளர்க்கும் முறை

தெற்கு ஆவணி மூல வீதியில் சின்னதாக ஒரு கடை, பின்னால் இரண்டு ஆசாரிமார் உட்காரும் பட்டறை. இப்படி இருக்கும் குடும்பம் வைரமும் மாணிக்கமும் விற்கும் கடையாக வளர வேண்டுமென்றால், முதல் வேலை கணக்கு நோட்டில்தான். ரூபாய்க்குப் பக்கத்தில் கிராமுக்கு ஒரு பத்தி போடுங்கள். ராத்திரி கடை சாத்தும்போது எல்லா இருப்பையும் சுத்தத் தங்கமாக மாற்றி எழுதுங்கள்: 22 காரட் நகையின் நிகர எடையை 0.916 ஆல் பெருக்கினால் போதும். அந்த எண் வருஷத்துக்கு வருஷம் ஏறினால்தான் கடை வளர்கிறது.

ரூபாயை மட்டும் பார்த்தால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு ஒரு கணக்கு. விலை கிராம் 9,000 என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் விற்கிறீர்கள். சேதாரம், செய்கூலி 10 சதவீதம் சேர்த்து, வரி நீங்கலாகக் கைக்கு வந்தது 9,90,000. ஆசாரி கூலி, வாடகை, சம்பளம் 40,000 போக மீதி 9,50,000. நோட்டில் 50,000 லாபம். அன்றைக்கே தங்கம் வாங்கியிருந்தால் 105.5 கிராம் கிடைத்திருக்கும். பத்து நாள் தள்ளிப் போட்டு, விலை 10,000 ஆன பிறகு வாங்கினால் 95 கிராம்தான். லாபம் பார்த்த கடையில் 5 கிராம் குறைந்துவிட்டது. அதனால் விற்ற எடையை அன்று மாலைக்குள் வாங்கி வையுங்கள். விலை இறங்கும் என்று காத்திருப்பது வியாபாரமே இல்லை. கடன் வாங்கித்தான் சரக்குப் போட வேண்டுமென்றால் வங்கிகள் நகைத் தொழிலுக்குத் தங்கமாகவே கொடுக்கும் கடனைக் கேளுங்கள். கடனும் சரக்கும் ஒரே விலையில் ஏறி இறங்கும்.

பட்டறையில் கிராம் ஒழுகும் இடம் தங்கம் உருக்கும் வேலை. 100 கிராம் கட்டியோடு 9.17 கிராம் செம்பு, வெள்ளி சேர்த்தால் 916 வரும் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். கட்டி முழுச் சுத்தமாக இருந்தால் அது சரி. கையில் இருப்பது 995 கட்டி (ஆயிரத்தில் 995 பங்கு தங்கம்) என்றால் அதே கலவை 911-ல் நின்றுவிடும். ஹால்மார்க் மையத்தில் அந்த லாட் தேறாது. 995 கட்டி 100 கிராமுக்கு 8.62 கிராம்தான் சேர்க்கலாம். பொடி (பற்றவைக்கும் கலவை) வைத்து நெருப்பால் ஊதும் இடங்களில் தரம் இன்னும் கொஞ்சம் இறங்கும் என்பதால், 918 குறி வைத்து 8.39 கிராமோடு நிறுத்துவது நல்லது. அரத்தூள், மெருகுத் துணி, தரையைப் பெருக்கிய மண் எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை சுத்திகரிப்புக்கு அனுப்பி, திரும்பி வந்த கிராமையும் நோட்டில் ஏற்றுங்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யூஐடி (ஒவ்வொரு நகைக்கும் உள்ள தனி அடையாள எண்) இல்லாமல் ஹால்மார்க் நகை விற்க முடியாது. 2 கிராமுக்குக் குறைந்த உருப்படிக்கு விலக்கு உண்டு. ஆனால் தாலிக் குண்டும் காசும் பெரும்பாலும் அந்த எடைக்குள்தான் வரும். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணத்தன்று பெண்கள் தாலிக்கயிறு மாற்றுவதால், அதற்கு முந்தைய இரண்டு வாரம் இவைதான் ஓடும். முத்திரை கேட்கமாட்டார்கள் என்று இவற்றில் தரம் குறைக்கவே கூடாது. தாலி வாங்கிய கடைக்குத்தான் அந்த வீட்டுக் கல்யாண நகையும் வரும்.

பழைய நகை எடுக்கும்போது எக்ஸ்ஆர்எஃப் மெஷின் (எக்ஸ்-ரேயால் தரம் பார்க்கும் கருவி) காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அது மேல்தோலைத்தான் படிக்கும். கனத்த முலாம் இருந்தால் ஏமாற்றிவிடும். மேல்தோலில் லேசாக அரம் போட்டு, உள்பக்கத்தை உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். பழைய அட்டிகையிலும் தோட்டிலும் உள்ளே அரக்கு இருக்கும். கல்லும் அரக்கும் எவ்வளவு என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லி, அவர் சம்மதித்தால் உருக்கி, வந்த கட்டியை அவர் கண் முன்னே எடை போடுங்கள். இந்த ஐந்து நிமிஷத்தில் சம்பாதிக்கும் நம்பிக்கை எந்த விளம்பரத்திலும் கிடைக்காது.

பதினொரு மாதச் சீட்டு நடத்தினால், கட்டிய பணத்துக்கு அன்றன்றே தங்கம் வாங்கிவிட வேண்டும். வாடிக்கையாளர் பெயரில் கிராமை வரவு வைத்துவிட்டுப் பணத்தை ஷோரூம் தரைக்குப் போட்ட கடைகள் விலை ஏறியதும் விழுந்தன. கம்பெனியாகப் பதிந்த கடை, முன்பணத்தை 365 நாளுக்குள் நகையாகக் கொடுத்துத் தீர்க்காவிட்டால் அது டெபாசிட் என்று ஆகிவிடும். பதினொரு மாதம் என்ற கணக்கு அதனால்தான். ரொக்கத்தில் ஒருவரிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கக்கூடாது. ஒரே கல்யாணத்துக்கு நாலு நாள் நாலு பில் போட்டாலும் தப்ப முடியாது. வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகப் போகும்.

இனி வீடு. குடும்பக் கடைகள் பெரும்பாலும் உள்ளிருந்தே உடைகின்றன. அக்கா மகள் காதுகுத்துக்கு ஒரு தோடு, மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு செயின் என்று சீட்டு எழுதாமல் போவது முதல் விரிசல். யார் எடுத்தாலும் எடை, தேதி, கையெழுத்து வேண்டும். வருஷக் கடைசியில் அவரவர் பங்கில் அதே கிராமைக் கழிக்க வேண்டும். கடையில் உட்காரும் தம்பிக்கும் மருமகளுக்கும் மாதச் சம்பளம் தனி, லாபப் பங்கு தனி. கூட்டு நிறுவனத்தில் ஒரு பங்குதாரர் காலமானால், பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, 1932 கூட்டாண்மைச் சட்டப்படி நிறுவனம் கலைந்துவிடும். எனவே அப்பா நன்றாக இருக்கும்போதே எழுதுங்கள்: நிறுவனம் தொடரும், விலகுபவருக்கு இத்தனை மாதத்தில் இவ்வளவு கிராம். கடைப் பெயரை நகைக்கான 14-ஆம் வகுப்பில், நிறுவனத்தின் பெயரிலேயே டிரேட்மார்க் பதியுங்கள். இல்லாவிட்டால் அண்ணனும் தம்பியும் பிரிந்து, எதிரெதிரே தாத்தா பெயரில் பலகை மாட்டுவார்கள்.

இதெல்லாம் இரண்டு மூன்று வருஷம் ஒழுங்காக நடந்த பிறகு கல்லுக்கு வாருங்கள். கல்லுக்குத் தினசரி விலைப்பலகை கிடையாது. கிராம் கணக்கு இங்கே உதவாது, நாள் கணக்குத்தான். ஒவ்வொரு டேக்கிலும் வாங்கிய தேதி இருக்கட்டும். ஒரு வருஷம் தாண்டிய உருப்படியைப் பிரித்து வேறு டிசைனில் கட்டுங்கள். ஆரம்பத்தில் மும்பை, ஜெய்ப்பூர் வியாபாரிகளிடம் ஜாங்கட்டில் (விற்றால் பணம், விற்காவிட்டால் கல்லைத் திருப்பும் முறையில்) எடுப்பதே பாதுகாப்பு. எண்ணிக்கை, காரட் (இங்கே கல்லின் எடை), விலை, திருப்பும் தேதி சீட்டில் இருக்க வேண்டும். அந்தக் கற்களும் உங்கள் இன்ஷூரன்ஸில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காரைக்குடிப் பக்கத்து வாடிக்கையாளர் ஏழுகல் தோடு கேட்டால், ஒரு ஜோடிக்குப் பதினான்கு வைரம் ஒரே நிறத்தில் சேர வேண்டும். வெள்ளைக் காகிதத்தை மடித்து, பள்ளத்தில் கற்களைக் கவிழ்த்து அடுக்கி, வெயில் நேராக விழாத வடக்கு ஜன்னலில் பக்கவாட்டில் பாருங்கள். ஒன்று மஞ்சளடித்தாலும் அங்கே தெரிந்துவிடும். கடை விளக்கில் தெரியாது. வைரம் போலவே இருக்கும் மாய்சனைட் என்ற செயற்கைக் கல், சாதாரண வெப்ப டெஸ்டரில் வைரம் என்றே காட்டும். 10 மடங்கு லென்ஸில் கல்லைச் சாய்த்து உள்ளே நோக்கினால் பின்பக்கப் பட்டை விளிம்புகள் இரட்டையாகத் தெரியும், வைரத்தில் தெரியாது. ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தைக் கண்ணாலும் லென்ஸாலும் பிரிக்க முடியாது. அதற்குத் தனி மெஷின் அல்லது லேப் சான்றிதழ் வேண்டும். ஆய்வகத்தில் வளர்த்தது என்றால் பில்லிலும் அப்படியே எழுத வேண்டும்.

மாணிக்கத்தில் இரண்டு ஆபத்து. சிவப்பு ஸ்பினல் என்ற வேறு கல், மாணிக்கம் போலவே இருக்கும். 2 காரட் கல்லை நூலில் கட்டித் தண்ணீரில் எடை போட்டால் மாணிக்கம் 1.50 காட்டும், ஸ்பினல் 1.44. மற்றது கண்ணாடி நிரப்பிய மாணிக்கம். லென்ஸில் சாய்த்துப் பார்த்தால் விரிசலில் நீலப் பளிச்சும் காற்றுக் குமிழும் தெரியும். அதை நெருப்பில் காட்டினாலும் அமிலத்தில் போட்டாலும் கண்ணாடி கரைந்து கல் நாசமாகிவிடும். அதனால் எந்தக் கல்நகை ரிப்பேருக்கு வந்தாலும் ஊதுவதற்கு முன் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். மரகதத்தில் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், அல்ட்ராசோனிக்கில் (அதிர்வால் கழுவும் மெஷினில்) போடாதீர்கள். முத்தைக் கடைசியாகக் கட்டுங்கள்.

விற்ற கல்நகையை வருஷத்துக்கு ஒருமுறை கொண்டுவரச் சொல்லி, கம்பி பிடிப்பு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளரிடமிருந்து நகையைக் கையில் வாங்கும்போது எடையும் கல் எண்ணிக்கையும் சீட்டில் எழுதி அவரிடம் ஒரு பிரதி கொடுங்கள். திருப்பும்போது அந்தச் சீட்டை வைத்து அவர் முன்னாலேயே மறுபடி எண்ணிக் காட்டுங்கள்.