தோளில் தொலைபேசி, கையில் படிவம்: நெருக்கடியான நாளைப் பிரித்துச் செய்யும் முறை

அன்று காலை எட்டு மணிக்கு அக்கா அழைத்தாள். அத்தை வழுக்கி விழுந்துவிட்டார், மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருக்கிறார்கள். என் மேசையில் காப்பீட்டுப் படிவம். அதைக் கொடுக்க அன்றே கடைசி நாள். மருந்து வாங்க வேண்டும், பழுதுக்குக் கொடுத்த மூக்குக்கண்ணாடியையும் வாங்கி வர வேண்டும். தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டே படிவத்தை நிரப்பினேன். வரிசையில் ஒரு மணி நேரம் நின்று நீட்டியதும் அலுவலர் அதைத் திருப்பிக் காட்டினார்: "இன்றைக்குத்தான் பிறந்தீர்களா?" பிறந்த தேதிக்கான கட்டத்தில் அன்றைய தேதி இருந்தது.

கீழே இருப்பது அந்த அவமானத்துக்குப் பிறகு, அன்றே ஒரு தாளில் தொடங்கி, நான் பழகிக்கொண்ட முறை.

படி 1: எல்லாவற்றையும் தாளில் இறக்குங்கள்

தொலைபேசியில் குறிக்க வேண்டாம். அன்று முழுவதும் மணியடிக்கப் போவது அதுதான். ஒரே தாள் போதும். "காப்பீடு" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. "படிவத்தில் கையொப்பமிட்டு, அடையாள அட்டை நகலை இணைத்து, ஒரு மணிக்குள் கொடுக்க வேண்டும்" என்று வினையோடும் நேரத்தோடும் எழுதுங்கள். முடியாத வேலை மனதை அரித்துக்கொண்டே இருக்கும் என்பது நமக்குத் தெரியும். அதை எப்படி, எப்போது செய்வது என்று திட்டமிட்டுவிட்டாலே அந்த அரிப்பு பெருமளவு அடங்குகிறது என்பதை 2011-இல் மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் சோதனைகளில் காட்டினார்கள்.

படி 2: இன்று மூடும் கதவுகளைக் குறியுங்கள்

இன்று தவறினால் திரும்பக் கிடைக்காதவற்றுக்கு மட்டும் வட்டம் போடுங்கள். என் தாளில் படிவத்துக்கும் மருந்துக்கும் மட்டுமே வட்டம் விழுந்தது. கண்ணாடி ஒரு நாள் காத்திருக்கும்.

படி 3: செய்திக்கு ஒரே வாசல்

செய்தி சொல்பவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எங்கே இருக்கிறீர்கள்? உடன் யார் இருக்கிறார்கள்? இப்போது நிலைமை என்ன? நான் உடனே வர வேண்டுமா? நான்காவதற்கு "ஆம்" என்று பதில் வந்தால் மற்றப் படிகளை மறந்துவிட்டுக் கிளம்புங்கள். படிவத்துக்கு அபராதம் கட்டிக்கொள்ளலாம்.

"வேண்டாம்" என்றால் அடுத்த தொல்லை உறவினர்கள். பாசத்தால்தான் கேட்கிறார்கள், ஆனால் பத்துப் பேர் அழைத்தால் ஒரே கதையைப் பத்து முறை சொல்ல வேண்டும். ஒரே செய்தியை எழுதி எல்லாருக்கும் அனுப்புங்கள். அன்று நான் அனுப்பியிருக்க வேண்டியது இது:

"காலை 9.40. அத்தைக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டார்கள். நினைவோடு நன்றாகப் பேசுகிறார். மருத்துவர் 11 மணிக்குப் பார்க்கிறார். அதன்பின் நானே எழுதுகிறேன். அதுவரை அக்காவை அழைக்க வேண்டாம்."

தொடக்கத்தில் இருக்கும் நேரத்தை விட்டுவிடாதீர்கள். செய்தி கைமாறிக் கைமாறிப் போகும். மாலையில் அதைப் பார்ப்பவர் இன்னும் எக்ஸ்ரே அறையிலேயே நிற்கிறார்களோ என்று பதறுவார். அடுத்து எப்போது எழுதுவேன் என்ற வரியும் முக்கியம். அதுதான் அழைப்புகளைக் குறைக்கும்.

படி 4: படிவத்துக்கு அரை மணி நேரம்

அக்காவின் எண்ணுக்கு மட்டும் ஒலி வைத்து, மற்றவற்றை அமைதியாக்கி, தொலைபேசியை எட்டாத தூரத்தில் வையுங்கள். பேனாவைத் தொடுவதற்கு முன் படிவத்தைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள்; தேவையான நகல்களின் பட்டியல் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். எண்களை நினைவிலிருந்து எழுத வேண்டாம். ஆவணத்தைப் பார்த்து, மும்மூன்று இலக்கங்களாக வாய்விட்டுச் சொல்லி எழுதுங்கள். தேதி கேட்கும் ஒவ்வொரு கட்டத்திலும் எந்தத் தேதி என்பதை விரல் வைத்துப் படியுங்கள் (நான் சொல்கிறேன், கேளுங்கள்). கையொப்பம் கடைசியில்தான். நிரப்பியதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு பிறகு உறையில் போடுங்கள்.

நடுவில் அக்கா அழைத்தால், நிறுத்திய வரியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு எடுங்கள்.

படி 5: வாசலில் நின்று படியுங்கள்

1935-இல் போயிங்கின் மாடல் 299 விமானம் சோதனையின்போது கிளம்பிய சிறிது நேரத்தில் விழுந்து நொறுங்கியது. ஓட்டியவர் அனுபவசாலி, ஆனாலும் தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமலிருக்கக் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் போடும் பூட்டை விடுவிக்க மறந்திருந்தார்கள். அதன் பிறகுதான் அந்த விமானத்துக்காகச் சரிபார்ப்புப் பட்டியல்கள் எழுதப்பட்டன. நமக்கு அவ்வளவு தேவையில்லை. சாவி, பணம், படிவம், நகல்கள், மருந்துச் சீட்டு என்று கதவைப் பூட்டுமுன் வாய்விட்டுச் சொன்னால் போதும்.

முதலில் மூடும் இடத்துக்கு முதலில் போங்கள். கனமானதைக் கடைசியில் வாங்குங்கள். வரிசையில் நிற்கும் நேரம் அடுத்த செய்தியை எழுதுவதற்கு.

படி 6: மாலையில்

மீதி வேலைகளைப் புதிய தாளில் எழுதுங்கள். பழையதைக் கிழித்துப் போட வேண்டாம். அத்தையின் மாவுக்கட்டைப் பிரிக்க மருத்துவர் சொன்ன தேதியையும், படிவத்தின் ரசீது எண்ணையும் நான் அந்தத் தாளின் ஓரத்தில்தான் கிறுக்கி வைத்திருந்தேன்.