டிஸ்க் பவர் சேவிங், கேஷ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சாரத்தை மிச்சப்படுத்தப் போய் டிஸ்கின் ஆயுளைக் குறைத்துவிடுவதும், வேகத்துக்கு ஆசைப்பட்டு டேட்டாவைப் பறிகொடுப்பதும் ஸ்டோரேஜ் சர்வர்களில் அடிக்கடி நடப்பவை. கொடுத்த எண்ணை டிஸ்க் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்க்காமல் விடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

லினக்ஸில் டிஸ்கின் அமைப்புகளை மாற்ற உதவும் ஹெச்டிபார்ம் (hdparm) கட்டளையின் பெரிய ‘எஸ்’ (-S) ஆப்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் வேலையில்லை என்றால் டிஸ்க் நிற்கட்டும் என்று 10 கொடுப்பவர்கள் உண்டு. 1 முதல் 240 வரை எண் ஒன்றுக்கு 5 விநாடி. ஆக, 10 என்றால் 50 விநாடிதான். பத்து நிமிடத்துக்கு 120 கொடுக்க வேண்டும். 241 முதல் 251 வரை கணக்கே வேறு: 241 அரை மணி நேரம், 242 ஒரு மணி நேரம். சிறிய ‘எஸ்’ (-s) போட்டு 1 கொடுத்தால் இன்னும் வம்பு. மின்சாரம் வந்தாலும் சுழலாமல் காத்திரு என்று டிஸ்குக்குச் சொல்வது அது. மெஷினைத் தொடக்கும் மென்பொருளான பயாஸ் அதை ஆதரிக்காவிட்டால், அடுத்த முறை மெஷினை ஆன் செய்யும்போது டிஸ்க் கண்ணிலேயே படாது.

அதே கட்டளையில் மின்சேமிப்பின் அளவைச் சொல்லும் பெரிய ‘பி’ (-B) ஆப்ஷனில் 1 முதல் 127 வரை டிஸ்க் சுழல்வதை நிறுத்த அனுமதி உண்டு. 128 முதல் 254 வரை இல்லை. எண் குறையக் குறைய மிச்சம் பிடிப்பது கடுமையாகும். சில டிஸ்குகள் சில விநாடி சும்மா இருந்தாலே, டேட்டாவைப் படித்து எழுதும் ஹெட்டை ஓரமாகப் பார்க் செய்துவிடும். 30 விநாடிக்கு ஒருமுறை பார்க் ஆனால் நாளுக்கு 2,880 தடவை. 3 லட்சம் தடவை தாங்கும் என்று குறிக்கப்பட்ட டிஸ்க், நாலே மாதத்துக்குள் அந்த எல்லையைத் தொட்டுவிடும். டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் (SMART) அறிக்கையில், இந்த பார்க் எண்ணிக்கையைக் காட்டும் 193-ஆம் வரிசையின் கடைசி எண்ணை இன்றும் நாளை இதே நேரத்திலும் குறித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தால் ‘பி’யை 254 ஆக்குங்கள்.

டிஸ்க் தூங்கவே மாட்டேன் என்கிறதா? டிஸ்கின் நலத்தைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்டி (smartd) வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை டிஸ்கைச் சோதிக்கும், அதுவே எழுப்பிவிடலாம். அதன் கான்ஃபிக் ஃபைலில் ‘ஸ்டாண்ட்பை’ நிபந்தனையைச் சேர்த்தால் தூங்கும் டிஸ்கைத் தொடாது. லாக், ஸ்வாப், டேட்டாபேஸ் இருக்கும் டிஸ்கை மட்டும் தூங்க வைக்கவே வேண்டாம். பல டிஸ்குகளை ஒரே தொகுப்பாக (அரே) நடத்தும் ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருப்பவற்றுக்கும் ஹெச்டிபார்ம் வேண்டாம். எழுந்து சுழல 10, 20 விநாடி ஆகும். அதற்குள் பொறுமை இழந்த கார்டு, டிஸ்க் செத்துவிட்டது என்று அரேயிலிருந்து கழற்றிவிடும். கார்டின் சொந்த பவர் சேவிங் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

கேஷ் விஷயத்தில், டிஸ்கின் ரைட் கேஷ், அதாவது எழுத வேண்டியதைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம், ஆனில் இருப்பது மட்டும் ஆபத்தில்லை. இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்கள் தேவையான இடத்தில் ‘கேஷில் உள்ளதை எழுதி முடி’ என்ற ஃப்ளஷ் கட்டளையை அனுப்பி, டேட்டா தட்டில் ஏறியதை உறுதி செய்துகொள்ளும். வேகம் கூடும் என்று, இந்த ஃப்ளஷ்களை அனுப்பவைக்கும் பேரியரை அணைத்து மவுன்ட் செய்வதுதான் ஆபத்து. கெர்னலின் அமைப்புகளைக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் (/sys) ரைட் கேஷ் (write_cache) ஃபைலை ‘ரைட் த்ரூ’ என்று மாற்றினால் கேஷ் அணைந்துவிடும் என்ற நம்பிக்கை அதைவிட மோசம். டிஸ்கில் எதுவும் மாறாது. இங்கே கேஷே இல்லை என்று கெர்னல் மட்டும் நம்பி ஃப்ளஷ் அனுப்புவதை நிறுத்திவிடும். கரன்ட் போனால் கேஷில் இருந்தது போனதுதான். நிஜமாகவே அணைக்க, ஹெச்டிபார்மில் பெரிய ‘டபிள்யூ’வுக்கு 0 கொடுங்கள்.

ரெய்டு கார்டின் பேட்டரி லேர்ன் சைக்கிளில் (தன் திறனைத் தானே சோதிக்கும் சுழற்சி) இருக்கும்போது கார்டு தானாக, கேஷில் தேக்காமல் நேராக டிஸ்கில் எழுதும் ரைட் த்ரூவுக்கு இறங்கும், எழுதும் வேகம் படுத்துவிடும். அவசரத்தில் ‘எப்போதும் ரைட் பேக்’ (கேஷில் வைத்துப் பிறகு எழுதும் முறை) என்று வைத்து அப்படியே மறந்துவிடுகிறார்கள். பிறகு பேட்டரி செத்தாலும் கார்டு ரைட் பேக்கிலேயே ஓடும். அந்த பேட்டரி கார்டின் கேஷைத்தான் காக்கும், டிஸ்கின் கேஷை அல்ல; எனவே கார்டு வழியாக டிஸ்க் கேஷை அணைத்துவையுங்கள்.

இன்னும் டிஸ்கில் எழுதாத டேட்டா ரேமில் எவ்வளவு சேரலாம் என்பதற்கான வரம்பு கெர்னலின் டர்ட்டி ரேஷியோ; அது வழக்கமாக 20 சதவீதம். 128 ஜிபி ரேமில் அது ஏறத்தாழ 25 ஜிபி; விநாடிக்கு 150 எம்பி எழுதும் டிஸ்குக்குக் கிட்டத்தட்ட மூன்று நிமிட வேலை. சதவீதத்துக்குப் பதில் டர்ட்டி பைட்ஸில் 1 ஜிபி என்று வையுங்கள்.

ஹெச்டிபார்மில் வைத்தவை பல டிஸ்குகளில் மின்சாரம் போய் வந்தால் நிற்காது. டெபியன், உபுண்டுவில் ஹெச்டிபார்மின் கான்ஃபிக் ஃபைலில் எழுதிவையுங்கள், எஸ்டிஏ (sda) என்ற பெயரில் அல்ல, சீரியல் எண்ணுள்ள ஐடி பாதையில். ரீபூட்டில் எஸ்டிஏ எஸ்டிபி ஆகிவிடலாம். சர்வர்களில் வரும் எஸ்ஏஎஸ் (SAS) வகை டிஸ்குகளுக்கு ஹெச்டிபார்முக்குப் பதில் எஸ்டிபார்ம் (sdparm) கட்டளை வேண்டும்.