டைகர் நட் பாலை அடுப்பில் ஏற்றாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிசம்பர் புழுக்கத்துக்கு எங்கள் வீட்டில் இப்போது டைகர் நட் பால்தான். பெயரில் நட் இருந்தாலும் இது கொட்டை இல்லை, நம் கோரைக்கிழங்குக்கு நெருங்கிய சொந்தம். காய்ந்தபின் கொண்டைக்கடலை அளவில் சுருங்கிக் கிடக்கும், மென்றால் தேங்காயும் பாதாமும் கலந்தது மாதிரி ஒரு தித்திப்பு. ஸ்பெயினில் வலென்சியாக்காரர்கள் இதில் எடுக்கும் பாலுக்கு ஓர்சாட்டா என்று பெயர். நைஜீரியாவில் ஹவுசா மக்களுக்கு அது குனுன் அயா.

தூண்டில் சாமான் கடையிலும் இது கிடைக்கும், கார்ப் மீனுக்கு இரையாக. மலிவு என்று அதை வாங்காதீர்கள், மீனுக்காக நிறமும் வாசனையும் சேர்த்திருக்கலாம். சாப்பிடுவதற்கென்று விற்பதையே வாங்குங்கள்.

கால் கிலோவைக் கழுவி 24 மணி நேரம் ஊறவையுங்கள், நடுவே இரண்டு மூன்று தடவை தண்ணீரை மாற்றி. ஊறாமல் போட்டால் மிக்ஸி பிளேடுதான் பாவம். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு நைசாக அரைத்து, தேங்காய்ப்பால் பிழிகிற மாதிரி மெல்லிய துணியில் பிழியுங்கள். சர்க்கரை 100 கிராம் போதும், எனக்கு அதுவே அதிகம். வலென்சியாக்காரர்கள் பட்டையும் எலுமிச்சைத் தோலும் போடுவார்கள், நான் ஏலக்காய்.

முதல் தடவை பழக்கதோஷத்தில் பாலைக் காய்ச்சினேன், பத்து நிமிடத்தில் பசை! இதில் மாவுச்சத்து அதிகம், சூடு பட்டால் கஞ்சியாக இறுகிவிடும். ஆகவே பச்சையாகவே ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் குடித்துவிடுங்கள், அடியில் வண்டல் தங்கும், குலுக்கி ஊற்றுங்கள். ஆனால் அந்த இறுகும் குணமே பாயசத்துக்கு வரம்: சேமியா வெந்ததும் ஒரு கப் பாலை ஊற்றி, தீயைக் குறைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால் கண்டென்ஸ்டு மில்க் இல்லாமலே கெட்டியாகும்.

பிழிந்த சக்கையை எறியாதீர்கள். ஓவனில் குறைந்த சூட்டில் உலர்த்திப் பொடித்து, சோஜி கிளறும்போது ரவையில் கால் பங்குக்குப் பதில் சேர்த்தால் கொஞ்சம் நறநறவென்று இருக்கும், எனக்கு அது பிடிக்கும், என் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. நார் அதிகம், முதல் நாளே நிறையச் சாப்பிட்டால் வயிறு பேசும்.

நட்டு வளர்க்க ஆசை வந்தால் தொட்டியில் மட்டும். தோட்டத்து மண்ணில் போட்டால் களைதான், நீங்கள் பிடுங்கப் பிடுங்க உள்ளே தங்கிய கிழங்கு அடுத்த மழைக்கு முளைத்து நிற்கும்.