வளைந்துகொண்டே இருந்த அட்டை வீடு

வீடு மாறப்போகிறோம் என்றதும், பழைய வீட்டை அட்டையில் செய்து தரச் சொன்னாள் மகள். சாமான் கட்ட வைத்திருந்த பெட்டியை வெட்டி வண்ணத்தாள் ஒட்டினோம். காலையில் பார்த்தால் சுவரெல்லாம் வில்லாக வளைந்திருந்தது. மேலே புத்தகங்களை அடுக்கினேன். எடுத்ததும் மறுபடி வளைந்தது. பசையைக் குறைத்தால் ஓரம் பெயர்ந்தது. மூன்று நாள் இப்படியே போயிற்று.

அப்புறம்தான் கவனித்தேன்: எல்லாச் சுவரும் தாள் ஒட்டிய பக்கமாகவே குழிந்திருந்தன. ஈரத்தில் விரியும் தாள் காயும்போது சுருங்கி அட்டையை இழுக்கிறது. சரி, பின்பக்கமும் இழுக்கட்டுமே! புதிதாக வெட்டிய சுவர்களில் இருபுறமும் ஒரே கனமுள்ள தாளை ஒரே நேரத்தில் ஒட்டி, ஒரு ராத்திரி பாரம் வைத்தேன். நேராக நின்றன. அப்பாடா! பின்பக்க வெற்றுத்தாளில் மகள் இப்போது அடுப்படி ஜன்னலை வரைந்துகொண்டிருக்கிறாள்.