சோழிகளை வைத்து ஜி புரதச் சமிக்ஞையின் வலுவை அறிதல்

இராமேஸ்வரம் கடைத்தெருவில் வாங்கிய 100 சோழிகளும் ஒரு நோட்டும் இருந்தால் போதும். கணினியில் வரைபடம் போடுவதைவிடக் கையால் புரட்டிப் பார்த்தால்தான் இந்தக் கணக்கு மனத்தில் தங்கும் என்பது என் கட்சி. ஜி புரதம் என்பது ஹார்மோன் போன்ற வெளிச் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் புரதம். அதன் ஆல்ஃபா அலகு என்ற பகுதி, பாஸ்பேட் கொண்ட ஒரு சிறு மூலக்கூறைப் பற்றியிருக்கும். அந்த மூலக்கூறை ஜிடிபி என்று தமிழில் எழுதினால் மூன்று பாஸ்பேட் கொண்டதும் இரண்டு பாஸ்பேட் கொண்டதும் ஒன்றாகிவிடுவதால், முன்னதை முப்பாஸ்பேட் என்றும் பின்னதை இருபாஸ்பேட் என்றும் குறிக்கிறேன்.

படி 1: எல்லாச் சோழிகளையும் கவிழ்த்து வையுங்கள். கவிழ்ந்த சோழி, இருபாஸ்பேட்டைப் பற்றி ஓய்ந்திருக்கும் ஆல்ஃபா அலகு. நிமிர்ந்தது, முப்பாஸ்பேட்டைப் பற்றிச் செயல்படும் அலகு.

படி 2: ஒவ்வொரு சுற்றிலும் கவிழ்ந்தவற்றில் பத்தில் ஒரு பங்கை நிமிர்த்துங்கள், இது ஹார்மோன் பிணைந்த ஏற்பியின் (செல்லின் மேல் இருந்து ஹார்மோனை ஏற்கும் புரதத்தின்) வேலை. அதே சுற்றில், முன்பே நிமிர்ந்திருந்தவற்றில் பத்தில் ஒரு பங்கைக் கவிழ்த்துங்கள். இது ஆல்ஃபா அலகு தன் முப்பாஸ்பேட்டைத் தானே வெட்டிக்கொள்வது. எண்ணிக்கை 10, 18, 24 என ஏறி 50-ஐ ஒட்டி நின்றுவிடும். நிமிர்ந்து நிற்கும் அந்த எண்ணிக்கையே சமிக்ஞையின் வலு.

படி 3: நான் பல நாள் இடறிய இடம் இதுதான். ஜி புரதச் சமிக்ஞையைக் கட்டுப்படுத்தும் ஆர்ஜிஎஸ் என்ற புரதத்திடம் முப்பாஸ்பேட்டை வெட்டத் தனிக் கத்தி இருப்பதாக எண்ணி, மூன்றாவதாக ஒரு வேகத்தைச் சேர்த்துக் கணக்கைக் குழப்பிக்கொண்டேன். கத்தி ஆல்ஃபா அலகிடமே இருக்கிறது. ஆர்ஜிஎஸ் அந்தக் கத்தியை, வெட்டு நிகழும் கணத்துக்குரிய நிலையில் அசையாமல் தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவே. அதனாலேயே வெட்டும் வேகம் நூறு மடங்குக்கும் மேல் கூடக்கூடும். சோழிக் கணக்கில் அவ்வளவு கூட்ட இடமில்லை. ஆகவே நிமிர்த்தும் பங்கை மாற்றாமல், கவிழ்க்கும் பங்கை மட்டும் பத்தில் ஒன்பதாக்குங்கள். 50 நிமிர்ந்த நிலையில் தொடங்கினால் 45 கவிழும், 5 நிமிரும். ஒரே சுற்றில் 10-க்கு இறங்கி அங்கேயே நிற்கும். ஹார்மோனும் ஏற்பியும் அப்படியே இருக்க, வலு ஐந்தில் ஒன்றாகிறது.

படி 4: இப்போது நிமிர்த்துவதை நிறுத்துங்கள். ஆர்ஜிஎஸ் இல்லாவிட்டால் 50 என்பது 45, 41 என மெல்ல அணையும். இருந்தால் அடுத்த சுற்றிலேயே 5. விழித்திரையில் இருக்கும் ஆர்ஜிஎஸ்9 என்ற வகை பழுதானவர்கள் நிழலிலிருந்து வாலிநோக்கம் உப்பளத்து வெயிலுக்கு வந்தால், பழைய சமிக்ஞை அணையும்வரை கண் கூசித் தவிப்பார்கள்.

பின்சேர்க்கை: காலராவுக்கு இந்தக் கணக்குப் பொருந்துமா என்று ஒருவர் கேட்டார். ஜி புரதங்களில் ஜிஎஸ், ஜிஐ, ஜிக்யூ எனப் பல வகைகள் உண்டு. காலரா நச்சு ஜிஎஸ் வகை ஆல்ஃபா அலகின் கத்தியையே முடக்கிவிடுவதால், கவிழ்க்கும் பங்கைப் பூஜ்யமாக வைக்க வேண்டும். சோழிகள் அனைத்தும் நிமிர்ந்தே கிடக்கும், குடலில் நீர் கொட்டிக்கொண்டே இருக்கும். வழக்கமான ஆர்ஜிஎஸ் புரதங்கள் பெரும்பாலும் ஜிஐ, ஜிக்யூ வகைகளிலேயே வேலை செய்வதால், ஜிஎஸ் வகைக்குப் படி 3-ஐப் பயன்படுத்த வேண்டாம்.