உற்பத்தி அட்டவணை: சாயப்பட்டறைத் திட்டமிடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஆர்டர் நூலாக வந்து அட்டைப்பெட்டியாகப் போவதற்குள் நிட்டிங், சாயம், கம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அழுத்திச் சீராக்குவது), கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று எட்டு இடங்களைக் கடக்கிறது. எல்லா இடத்திலும் தாமதம் உண்டு என்றாலும், திட்டம் முதலில் கலைவது பெரும்பாலும் சாயப்பட்டறையில்தான். தையலில் ஆள் கூட்டியும் ஷிப்ட் நீட்டியும் இழுத்துப் பிடித்துவிடலாம். மெஷினுக்குள் சாயத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் துணியை யாரும் அவசரப்படுத்த முடியாது.

அந்த இடத்தை ஒழுங்குபடுத்த இப்போது பலரும் கணினியை நாடுகிறார்கள். 10 லாட்களை (ஒரே நிறத்தில் ஒன்றாகச் சாயமேறும் துணித் தொகுதிகளை) ஒரே மெஷினில் ஓட்டுவதற்கு 36,28,800 வரிசைகள் உண்டு; 20 லாட் என்றால் அது 19 இலக்க எண்ணாகிவிடும். இத்தனையில் நல்லதைத் தேடித் தருவது உகப்பாக்கம். தேர்ந்தெடுத்த வரிசையை, மெஷின் பழுது, ஷேடு கோளாறு, மின்தடை ஆகியவற்றோடு கணினிக்குள்ளேயே பலமுறை ஓட்டிப் பார்ப்பது சிமுலேஷன். இரண்டில் ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, மற்றதன் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நம்புவது பரவலான தவறு. ஆனால் அதைவிடப் பெரிய தவறுகள் மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. சால்வர், அதாவது உகப்பாக்கத்தைச் செய்யும் மென்பொருள், கணக்கைத் தப்பாகப் போடுவது அரிது. பட்டறையைப் பற்றி நாம் அதற்குச் சொல்லும் செய்திதான் பெரும்பாலும் தப்பாக இருக்கிறது.

ரெசிபி நேரமும் மெஷின் நேரமும்

ஒரு லாட்டுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டால், ரெசிபியை, அதாவது சாயமேற்றும் செய்முறைச் சீட்டைப் பார்த்து ஏழு மணி நேரம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அது சாயம் ஏற ஆகும் நேரமே தவிர, மெஷின் அந்த லாட்டிடம் மாட்டிக்கொண்டிருக்கும் நேரம் அல்ல. ஒரு இரவு ஷிப்ட் முழுக்க மெஷின் பக்கத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் புரியும். சோப்பிங் (ஒட்டாத சாயத்தைக் கழுவுவது) முடிந்ததும் துணியின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, பிழிந்து, அயர்ன் பாக்ஸ் வைத்து உலர்த்தி, லைட் பாக்ஸில் வைத்து பையர் ஒப்புக்கொண்ட லேப் டிப்போடு (லேபில் சாயமேற்றிய மாதிரித் துண்டோடு) ஒப்பிடுகிறார்கள். கொஞ்சம் சிவப்பு தூக்கலாக இருக்கிறது என்று தோன்றினால், 'ஷேடு ஓகே' சொல்லும் அதிகாரம் உள்ளவர் வர வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அவர் வீட்டில் இருப்பார். போட்டோ எடுத்து அனுப்பினால் நிறம் சரியாகத் தெரியாது. அதுவரை 500 கிலோ துணி மெஷினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்த லாட் டிராலியில் காத்திருக்கும்.

இந்தக் காத்திருப்பு ரெசிபியிலும் இருக்காது, கம்ப்யூட்டரிலும் இருக்காது. ஆகவே நேரத்தை லோடிங் தொடங்கியதிலிருந்து அன்லோடிங் முடியும் வரை எடுக்க வேண்டும். அதையும் வெளிர் நிறம், நடுத்தரம், அடர் நிறம் என்று பிரித்து, பகல் ஷிப்டையும் இரவு ஷிப்டையும் தனித்தனியாக எடுப்பது நல்லது. ஒரு மாதப் பதிவேட்டிலிருந்து கையால் எடுத்த எண்கள்கூட, மெஷின் விற்றவர் கொடுத்த எண்களைவிட நம்பத்தக்கவை.

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு விடுபடல் ரிப், அதாவது கழுத்துப் பட்டைக்கான இழுபடும் பின்னல் துணி. டி-சர்ட்டின் உடல் துணியும் கழுத்து ரிப்பும் ஒரே பேட்ச்சில் சாயம் ஏறினால்தான் நிறம் ஒத்துப்போகும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதாலேயே யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. உடல் துணியை ஒரு மெஷினிலும் ரிப்பை வேறொரு சின்ன மெஷினிலும் போட்டு, இரண்டும் நிரம்பின என்று மகிழும் அட்டவணையைச் சால்வர் கூசாமல் தரும். அதன் மேல் பழியில்லை.

வரிசைக்கு ஏற்ப மாறும் கழுவும் நேரம்

ஒரு நிறத்திலிருந்து மறு நிறத்துக்கு மாறும்போது மெஷினைக் கழுவ வேண்டும். இதற்குச் சராசரியாக ஒரு மணி நேரம் என்று போட்டு முடித்துவிடுவது வழக்கம். எடுத்துக்காட்டுக்காக, வெளிரிலிருந்து அடர்த்திக்குப் போக 20 நிமிடமும், அடர்த்தியிலிருந்து வெளிருக்கு வர 150 நிமிடமும் ஆகிறது என்று கொள்வோம். டெலிவரி தேதிப்படி கறுப்பு, இளமஞ்சள், சிவப்பு, இளஞ்சிவப்பு என்று நான்கு லாட்கள் வரிசையில் நின்றால், கழுவுவதற்கு மட்டும் 150, 20, 150 எனச் சேர்த்து 320 நிமிடம் போகும். இளமஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு, கறுப்பு என்று மாற்றினால் 60 நிமிடம் போதும். சராசரியைப் போட்ட கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே நான்கு மணி நேரத்துக்கும் மேலான இலாபம் அதன் கண்ணில் படவே படாது.

ஆனால் இங்கேயே எதிர்ப்பக்கத் தவறும் காத்திருக்கிறது. கழுவும் நேரத்தை மட்டும் பார்க்கும் கணக்கு, வெளிர் நிறங்களையெல்லாம் ஒரு நாளிலும் அடர் நிறங்களையெல்லாம் மறுநாளிலும் குவித்துவிடும். மெஷினுக்கு அது சுகம். கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு அது ஆபத்து. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும், பின்னர் நொய்யல் ஆற்றில் கழிவுநீர் விடாத முறைக்கு மாறிய பிறகே அவை திறக்க முடிந்ததும் ஊரறிந்த வரலாறு. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும்: வெளிர் நிறத்துக்கு லிட்டருக்கு 20, 30 கிராம் போதும் என்றால், கறுப்புக்கும் நேவிக்கும் 80 கிராம் அளவுக்கோ அதற்கு மேலோ போகும். கறுப்பு நாள் என்று ஒன்றை ஒதுக்கினால் அன்றைய உப்பு முழுவதும் கழிவுநீரை வடிகட்டும் ஆர்.ஓ.வையும் தாண்டி, மிச்ச உப்புநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரின் தலையில் விழும். தொட்டி நிரம்பினால் மெஷின்கள் சும்மா நிற்க வேண்டியதுதான். எனவே சாயப்பட்டறையின் கணினி மாதிரியில் மெஷின் மணி நேரத்தோடு, நாளொன்றுக்கு எத்தனை கிலோ லிட்டர் நீர், எத்தனை கிலோ உப்பு என்பதும் கட்டுப்பாடாக இருந்தே ஆக வேண்டும். சில நாள்களில் பட்டறையின் உண்மையான குறுகிய கழுத்து சாய மெஷினே அல்ல, எவாப்பரேட்டர்தான்.

எதைக் குறைக்கச் சொல்கிறோம்?

'மெஷின் சும்மா நிற்கக் கூடாது' என்பதை இலக்காகக் கொடுத்தால், சால்வர் அதை அப்படியே நிறைவேற்றும். பெரிய, சுலபமான லாட்கள் முன்னே போகும். 80 கிலோ ரிப்பும் சாம்பிள் லாட்டும் பின்னுக்குத் தள்ளப்படும். மாத இறுதியில் டன் கணக்கு பிரமாதமாக இருக்கும். கோடவுன் நிறையத் துணி இருக்கும், கட்டிங் மேஜைக்கு வேண்டிய துணி மட்டும் இருக்காது.

தாமதத்தைக் குறைக்கச் சொல்வது மேல். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பல கணக்குகளில் ஒரு மணி நேரத் தாமதத்துக்கு ஒரு பங்கு அபராதம், பத்து மணி நேரத்துக்குப் பத்துப் பங்கு என்று நேர்கோட்டில் போடுகிறார்கள். ஏற்றுமதியில் தாமதத்தின் விலை அப்படி ஏறுவதில்லை. கன்டெய்னர் தூத்துக்குடிக்குப் போய்ச் சேர வேண்டிய கெடு நேரம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஐந்து மணி நேரம் முன்பு முடித்தாலும் ஐம்பது மணி நேரம் முன்பு முடித்தாலும் பலன் ஒன்றுதான், ஒரு மணி நேரம் பின்பு முடித்தால் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும் அல்லது விமானத்தில் அனுப்பிக் கைக்காசை இழக்க வேண்டும். இந்தப் படிக்கட்டுச் செலவைச் சொல்லாவிட்டால், ஏற்கெனவே கப்பலைத் தவறவிட்ட லாட்டை இரண்டு மணி நேரம் முந்த வைப்பதற்காக, கப்பலைப் பிடிக்கக்கூடிய லாட்டைச் சால்வர் பின்னுக்குத் தள்ளும்.

சராசரி என்னும் கண்ணி

தையல் லைன் தொடங்க உடல் துணி, ரிப், தையல் நூல், லேபிள், பட்டன் ஐந்தும் வந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் பத்துக்கு ஒன்பது முறை சொன்ன நாளில் வந்துவிடும் என்று வைத்துக்கொண்டால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது நல்ல ஏற்பாடாகவே தோன்றும். ஒன்றின் தாமதத்துக்கும் மற்றதன் தாமதத்துக்கும் தொடர்பில்லை என்றால், ஐந்தும் சேர்ந்து அன்று வந்திருக்கும் வாய்ப்பு 59 சதவீதமே. ஒவ்வொரு சப்ளையரும் தாம் நேரந்தவறாதவர் என்று சொல்வார், அது உண்மையாகவும் இருக்கும். லைன் மட்டும் பத்தில் நான்கு முறை நிற்கும்.

மெஷின் சுமையிலும் இதே கண்ணிதான். வரத்தும் வேலை நேரமும் ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கும் ஒரு தனி மெஷினில், வரிசையில் காத்திருக்கும் நேரம், சுமையை மீதமுள்ள கொள்ளளவால் வகுத்த விகிதத்தில் வளரும். 1961-இல் ஜான் கிங்மன் தந்த தோராயச் சூத்திரத்தின் சாரம் இது. 80 சதவீதச் சுமையில் காத்திருப்பு ஒரு லாட்டின் நேரத்தைப் போல 4 மடங்கு, 90-இல் 9 மடங்கு, 95-இல் 19 மடங்கு. ஏற்ற இறக்கம் குறைந்தால் இந்த எண்களும் அந்த அளவுக்குக் குறையும். பல மெஷின்கள் ஒரே வரிசையைப் பகிர்ந்துகொண்டாலும் குறையும். ஆனால் வளைவின் வடிவம் மாறாது.

இப்போது ஷேடு தவறி மறுபடி சாயமேற்றும் லாட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பாக்டிங்குக்குப் போன பிறகு திரும்பி வருபவையும் உண்டு. நூற்றுக்கு எட்டு லாட் திரும்பி வந்தால், 90 சதவீதம் என்று திட்டமிட்ட சுமை உண்மையில் 97 ஆகிவிடும். காத்திருப்பு 9 மடங்கிலிருந்து ஏறத்தாழ 35 மடங்காக ஏறும். எட்டே லாட்தானே என்று ரீ-டையிங்கை மாதிரியில் சேர்க்காமல் விடுபவர்கள் எதைத் தொலைக்கிறார்கள் என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும். என்னைக் கேட்டால், திட்டமிடல் மென்பொருளுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஷேடு முதல் முறையிலேயே சரியாக வர, முதலில் லேப்புக்கும் சாயத்தை அளந்து தரும் டிஸ்பென்சருக்கும் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

சிமுலேஷனில் நடப்பவை

சிமுலேஷன் வண்ணப் படங்களோடு ஓடும்போது யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. அதனால்தான் அதில் சந்தேகம் கூடுதலாக வேண்டும். கணினிப் பட்டறை காலியாகத் தொடங்குகிறது. நம் பட்டறை என்றைக்கும் காலியாக இருந்ததில்லை. முதல் சில நாள்களின் முடிவுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எல்லா லாட்டும் வேகமாகப் போவதுபோலத் தெரியும். ஆகவே அந்தத் தொடக்கப் பகுதியை வெட்டி எறிய வேண்டும். அல்லது இன்று காலை தளத்தில் நிற்கும் சரக்கை அப்படியே உள்ளே ஏற்றித் தொடங்க வேண்டும். அன்றாட அட்டவணையைச் சோதிக்க இரண்டாவதே பொருத்தம்.

ஒரே ஒரு முறை ஓட்டிவிட்டு '12-ஆம் தேதி முடியும்' என்று அறிவிப்பதும் சூதாட்டத்தில் ஒரு முறை காய் உருட்டிவிட்டுப் பலன் சொல்வதும் ஒன்றே. ஐம்பது, நூறு முறை ஓட்டி, எத்தனை முறை 12-க்குள் முடிந்தது என்று சொன்னால் பையரோடு பேசும் மெர்ச்சண்டைசருக்குப் பயன்படும்.

மாதிரி பட்டறையைப்போல் நடக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்றிருக்கிறது. அதே 1961-இல் ஜான் லிட்டில் நிறுவிய விதிப்படி, தளத்தில் நிற்கும் சரக்கு என்பது நாள் உற்பத்தியையும் தங்கும் நாள்களையும் பெருக்கினால் வருவது. பட்டறையில் சராசரியாக 60 டன் நிற்கிறது, நாளுக்கு 5 டன் வெளியே போகிறது என்றால் ஒரு லாட் சராசரியாக 12 நாள் உள்ளே தங்குகிறது. சிமுலேஷன் 7 நாள் என்று காட்டினால் ஏதோ ஒரு காத்திருப்பு விட்டுப்போயிருக்கிறது. தேடாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

சால்வரோடு பழகுவது

எல்லா விதிகளையும் மீறவே முடியாதவையாக எழுதினால், நெருக்கடியான வாரத்தில் சால்வர் 'தீர்வு இல்லை' என்று கைவிரித்துவிடும்; திட்டமிடுபவருக்கு அட்டவணை வேண்டிய வாரமே அதுதான். மெஷின் கொள்ளளவும் தொட்டியின் அளவும் மீற முடியாதவை. டெலிவரி தேதியும் ஓவர்டைமும் அபராதத்தோடு மீறத்தக்கவை.

முற்றிலும் சிறந்த விடைக்காக இரவெல்லாம் ஓட விடுவதும் வீண். 1963-இல் ஃபிஷரும் தாம்சனும் வெளியிட்ட, 10 வேலைகளும் 10 மெஷின்களும் கொண்ட ஒரு சோதனைக் கணக்குக்கு, எல்லா வேலையும் முடிய ஆகும் நேரம் 930 என்பதே சிறந்த விடை என்று கார்லியேவும் பின்சனும் நிறுவியது 1989-இல். 26 ஆண்டுகள். நம்முடைய நேரக் கணக்குகளே பத்து சதவீதம் முன்பின்னாக இருக்கும்போது, மிகச் சிறந்ததற்கு இரண்டு சதவீதம் அருகில் ஐந்து நிமிடத்தில் வரும் அட்டவணை தாராளமாகப் போதும்.

அந்த ஐந்து நிமிட வசதியே இன்னொரு தவறுக்கு வழி செய்கிறது: ஒவ்வொரு போன் அழைப்புக்கும் புதிய அட்டவணை போடுவது. காலையில் சொன்ன லாட்டுக்குச் சாயம் எடை போட்டு வைத்திருப்பார்கள், துணியைத் தைத்து டிராலியில் ஏற்றியிருப்பார்கள். பதினோரு மணிக்கு வேறு லாட் என்றால் அத்தனையும் வீண். அடுத்த இரண்டு ஷிப்டைப் பூட்டிவிட்டு, அதற்குப் பிறகு வருவதை மட்டும் மாற்றச் சால்வரிடம் சொல்ல வேண்டும்.

பூட்டிய வரிசையைக்கூட மெஷின் இன்சார்ஜ் மாற்றி ஓட்டுவார். அதை ஒழுங்கீனம் என்று எழுதி வைப்பவர்கள் நல்ல தகவலை இழக்கிறார்கள். வாரம் ஒருமுறை, போட்ட வரிசையையும் ஓடிய வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் மாற்றினீர்கள் அண்ணா என்று கேட்டால் போதும். "அந்த அஞ்சாம் நம்பர் மெஷின்ல டர்க்காய்ஸ் போட்டா திட்டுத் திட்டா வரும் சார், பம்ப் வீக்கு" என்பார். அதை மாதிரியில் ஒரு வரியாகச் சேர்க்க இரண்டு நிமிடம் ஆகும். பம்பைச் சரிசெய்யச் சொல்லும் தாளை எழுத இன்னும் ஒரு நிமிடம்.