ராஜர்ஸ்-ஹாமர்ஸ்டைனின் ஓடாத நாடகங்களை எப்படிக் கேட்பது

'டோ ரே மி' தெரியாமல் சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளியை முடித்த பிள்ளை யாராவது இருந்தால் சொல்லுங்கள், கோப்பி நான் வாங்கித் தருகிறேன். அந்தப் பாட்டுக்கு வரி எழுதியவர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன், மெட்டுப் போட்டவர் ரிச்சர்ட் ராஜர்ஸ். 1943இல் 'ஓக்லஹோமா!' தொடங்கி 1959இல் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' வரை, இருவரும் சேர்ந்து நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கு ஒன்பது இசை நாடகங்கள் தந்தார்கள். அதில் ஐந்து ஊருக்கே தெரியும். மிச்சம் நான்கு இருக்கின்றன: 'அலெக்ரோ', 'மீ அண்ட் ஜூலியட்', 'பைப் டிரீம்', 'ஃபிளவர் டிரம் சாங்'. பேரைச் சொன்னால் "அப்படி ஒன்று இருக்கிறதா?" என்றுதான் கேட்பார்கள். கடைசியாகச் சொன்னது 600 காட்சிகள் நன்றாகவே ஓடியது, ஆனால் பிறகு மறந்துபோனது. மற்ற மூன்றும் இவர்கள் கணக்கில் ஓடாத படங்கள் மாதிரிதான். 'ஓக்லஹோமா!' 2,212 காட்சிகள் ஓடியது, 'பைப் டிரீம்' வெறும் 246.

நான் இந்த நான்கையும் தப்பான வரிசையில், தப்பான பதிவுகளில், தப்பான முறையில் கேட்டு ஒரு வருடத்தை வீணாக்கியவன். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். நம் சினிமாவில் மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று காலங்காலமாக ஒரு பேச்சு உண்டு இல்லையா, அதே கேள்வியை இங்கேயும் கேளுங்கள். ராஜர்ஸ் அதற்கு முன்னால் லாரன்ஸ் ஹார்ட் என்பவரோடு சேர்ந்து வேலை செய்த காலத்தில் பெரும்பாலும் மெட்டுதான் முதலில் வரும், ஹார்ட் அதற்குள் வரியை உட்கார வைப்பார். ஹாமர்ஸ்டைனிடம் வந்ததும் தலைகீழ். அவர் வரிகளை முழுசாக எழுதிக் கையில் கொடுப்பார், ராஜர்ஸ் அதற்கு மெட்டுப் போடுவார். ஆகவே இவர்கள் பாட்டை வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிட்டால் ஒன்றும் ஒட்டாது. வரியை இணையத்தில் தேடி எடுத்து ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். மெதுவாக, கவிதை மாதிரி இல்லாமல் பேச்சு மாதிரி. எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறீர்கள், எந்த வார்த்தை தானாக அழுத்தம் வாங்குகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பாட்டைப் போடுங்கள். ராஜர்ஸ் அதே வார்த்தையில்தான் சுரத்தை மேலே ஏற்றியிருப்பார், அல்லது வேண்டுமென்றே ஏற்றாமல் விட்டிருப்பார். இரண்டுமே கேட்கச் சுவையான இடங்கள்.

இன்னொன்று, பாடுவது யார், அந்த நிமிடத்தில் அவர்களுக்கு என்ன பிரச்சினை என்று இரண்டு வரிக் கதையாவது தெரிந்துகொண்டு கேளுங்கள். ஓடாத நாடகத்துக்கு இது ரொம்ப அவசியம். ஓடிய நாடகத்தின் கதை நமக்கு எப்படியோ தெரிந்திருக்கும், இதற்கு யாரும் சொல்லித் தரப்போவதில்லை.

வரிசைக்கு வருவோம். நேரே நான்கில் ஒன்றை எடுக்காதீர்கள். 'ஸ்டேட் ஃபேர்' என்பதன் 1996 பிராட்வே பதிவில் தொடங்குங்கள். இது அவர்கள் 1945இல் சினிமாவுக்கென்றே எழுதியது, பிராட்வே மேடைக்கு வந்தது இருவரும் இறந்து பல வருடம் கழித்து. ஒரு முழு நாடகத்துக்குப் பாட்டுப் போதவில்லை. அதனால் ஓடாத நாடகங்களிலிருந்து எடுத்து நிரப்பினார்கள். 'பைப் டிரீ'மிலிருந்து 'தி மேன் ஐ யூஸ்ட் டு பீ', 'தி நெக்ஸ்ட் டைம் இட் ஹேப்பன்ஸ்', 'அலெக்ரோ'விலிருந்து 'சோ ஃபார்', 'மீ அண்ட் ஜூலியட்'டிலிருந்து 'தட்ஸ் தி வே இட் ஹேப்பன்ஸ்'. மேடையில் இதுவும் 110 காட்சிகளோடு நின்றுவிட்டது, அது வேறு கதை. நமக்கு இது வாழை இலை ஓரத்தில் எல்லாக் கூட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்த மாதிரி. எது பிடிக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து 'ஃபிளவர் டிரம் சாங்'. சி. ஒய். லீ எழுதிய நாவலை வைத்து 1958இல் வந்தது, இயக்கம் ஜீன் கெல்லி. சான் ஃபிரான்சிஸ்கோ சைனாடவுனில் ஒரு சீனக் குடும்பம். பழைய பழக்கத்தை விடாத அப்பா, எதற்கும் "நாம் இப்போது அமெரிக்காவில் இருக்கிறோம்" என்கிற பிள்ளைகள், ஊரிலிருந்து கல்யாணத்துக்கென்று வந்திறங்கும் ஒரு பெண். குடியுரிமை கிடைத்த சந்தோஷத்தில் ஓர் அம்மா பாடும் பாட்டுகூட உண்டு. சிங்கப்பூரில் உட்கார்ந்து இதைக் கேட்கிற நமக்கு விளக்கவுரையே தேவையில்லை. நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பம், "எங்க காலத்துல" என்று தொடங்கும் அப்பா, தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை, எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. 'தி அதர் ஜெனரேஷன்' என்ற பாட்டைக் கட்டாயம் இருமுறை கேளுங்கள். முதலில் பெரியவர்கள் பிள்ளைகளைப் பற்றிப் புலம்புவார்கள், பிறகு அதே மெட்டில் பிள்ளைகள் பெரியவர்களைப் பற்றிப் புலம்புவார்கள்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சீனர்களைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதியது, அந்தக் காலத்துப் பார்வை அங்கங்கே உறுத்தும். முதல் மேடையேற்றத்தில் முக்கியப் பெண் வேடங்கள் இரண்டில் ஜப்பானிய வம்சாவளிப் பாடகிகள், குடியுரிமைப் பாட்டுப் பாடும் அந்த அம்மா வேடத்தில் ஜுவானிட்டா ஹால் என்ற கறுப்பினக் கலைஞர். 2002இல் நாடகாசிரியர் டேவிட் ஹென்றி ஹுவாங் கதையை ஏறக்குறைய முழுவதும் மாற்றி எழுத, லியா சலோங்கா நடித்து மறுபடி பிராட்வேக்கு வந்தது. 169 காட்சிகள்தான். என் யோசனை, 1958 பதிவைக் கேட்டுவிட்டு உடனே 2002 பதிவையும் கேளுங்கள். பெரும்பாலும் அதே பாட்டுகள்தான், ஆனால் பாடும் சந்தர்ப்பம் மாறினால் ஒரே வரி எப்படி வேறு மாதிரி ஒலிக்கிறது என்பது தெரியும். 1961 சினிமாவை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்த்தாராம். பாட்டு சுவர் தாண்டிப் போய், சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்லத்தான் வருகிறார் என்று நான் பயந்தால், வாசலிலேயே நின்று இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவது 'பைப் டிரீம்', 1955. எனக்கு நான்கிலும் அதிகம் பிடித்தது இதுதான், நாடகமாக அதிகம் தடுமாறியதும் இதுதான். ஜான் ஸ்டைன்பெக்கின் 'ஸ்வீட் தர்ஸ்டே' நாவல்தான் மூலம். கடலோர ஊரில் கடல் உயிரினங்களை ஆராயும், ஊரார் 'டாக்' என்று கூப்பிடும் ஒருவர், கையில் காசில்லாமல் ஊருக்கு வந்து ஒரு விபசார விடுதியில் சேரும் சூசி என்ற பெண். ஹாமர்ஸ்டைனுக்கு இந்தச் சரக்கு ஒத்துவரவில்லை. சூசி அங்கே என்ன செய்கிறாள் என்பதையே பூசி மெழுகிவிட்டார். ஸ்டைன்பெக்கே இதைப் பற்றி அவருக்கு எழுதி வாதாடியிருக்கிறார். விடுதி நடத்தும் அம்மா வேடத்துக்கு ஆப்பராவில் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் படைப்புகளைப் பாடிப் பேர் வாங்கிய ஹெலன் ட்ராபெல்! இதற்கிடையே ஒத்திகை தொடங்கிய சமயத்தில் ராஜர்ஸுக்குத் தாடையில் புற்றுநோய் என்று அறுவை சிகிச்சை. முன்பதிவு மட்டும் அமோகம், இவர்கள் பேருக்காகவே ஜனம் டிக்கெட் வாங்கியிருந்தது. கடைசியில் இருவரின் நாடகங்களிலேயே குறைவாக ஓடியது இதுதான்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு, 'எவ்ரிபடிஸ் காட் எ ஹோம் பட் மீ' என்ற பாட்டை இரவு ரயிலில் கேளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சூசி தன் பயணத்தில் விளக்கெரியும் வீடுகளைக் கடந்துபோனதை நினைத்து, எல்லோருக்கும் ஒரு வீடு இருக்கிறது, எனக்குத்தான் இல்லை என்று பாடுகிறாள். அவ்வளவுதான் பாட்டு. அங் மோ கியோவிலிருந்து ஈசூன் பக்கம் ரயில் மேலே போகும்போது, வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்குகளில் ஜன்னல் ஜன்னலாக விளக்கு, ஒரு வீட்டில் யாரோ துணி மடிக்கிறார்கள், இன்னொன்றில் டிவி வெளிச்சம் நீலமாக அசைகிறது. அந்த நேரத்தில் இந்தப் பாட்டு காதில் ஓடினால், வேலை முடிந்து லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து தொழிலாளர் தங்கும் விடுதிக்குத் திரும்பும் நம் ஊர்த் தம்பிகள் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. மெட்டு அலட்டிக்கொள்ளவே இல்லை என்பதையும் கவனியுங்கள். வேறு யாராவது என்றால் ஒப்பாரி வைத்திருப்பார்கள்.

பதிவு விஷயத்தில், 1955இன் மூலப் பதிவையும் நியூயார்க்கில் பழைய நாடகங்களை மறுபடி மேடையேற்றும் 'என்கோர்ஸ்' தொடருக்காக 2012இல் மேடையிலேயே பதிவு செய்ததையும் எடுத்துக்கொள்ளுங்கள். செயலியில் ஆங்கிலத்தில் வெறுமனே பேரைத் தட்டினால் சம்பந்தமே இல்லாத ராக் பாட்டுகள் வரும், வருடத்தையும் 'ஒரிஜினல் பிராட்வே காஸ்ட்' என்பதையும் சேர்த்துத் தட்டுங்கள். அந்தக் காலத்துப் பிரபலப் பாடகர் பெரி கோமோ பாடியவை மேலே வந்து நிற்கும், அவற்றைத் தள்ளி வையுங்கள். இனிமையான குரல்தான், ஆனால் கதையிலிருந்து பாட்டைப் பிடுங்கி வானொலிக்கென்று பாடியது. 'ஷஃபிள்' பொத்தானை அணைக்க மறக்காதீர்கள். நான் முதல் ஆறு மாதம் அதை அணைக்காமலேயே கேட்டுவிட்டு, "கதை புரியவில்லையே" என்று ஹாமர்ஸ்டைனைத் திட்டிக்கொண்டிருந்தேன். கதை வசனம் அச்சில் வேண்டுமென்றால் தேசிய நூலக வாரியத்தின் தளத்தில் ஹாமர்ஸ்டைன் பேரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்ததே எஸ்பிளனேட் மூன்றாம் மாடி நூலகத்தில், மழைக்கு ஒதுங்கிய ஒரு சனிக்கிழமை.

'மீ அண்ட் ஜூலியட்'டுக்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டாம். 1953, 358 காட்சிகள், நாடகத்துக்குள் நாடகம், திரைக்குப் பின்னால் காதல், பொறாமைப்படும் மின்விளக்குக்காரன். கதை சப்பென்று இருக்கும். மூன்று பாட்டு போதும். 'தி பிக் பிளாக் ஜயண்ட்', இருட்டில் உட்கார்ந்திருக்கும் ரசிகர் கூட்டத்தை ஒரு பெரிய கரிய அரக்கனாகப் பார்க்கிற பாட்டு, சமூக மன்ற மேடையில் ஒருமுறையாவது ஏறியவர்களுக்கு அந்த அரக்கனைத் தெரியும். 'இன்டர்மிஷன் டாக்', இடைவேளையில் ரசிகர்கள் பேசுவது, நாடகக்கலை செத்துவிட்டது என்று அப்போதே புலம்புகிறார்கள். மூன்றாவது 'நோ அதர் லவ்'. முன்னால் சொன்ன முறைக்கு இது விதிவிலக்கு. கடற்படையைப் பற்றிய 'விக்டரி அட் சீ' என்ற தொலைக்காட்சித் தொடருக்கு ராஜர்ஸ் ஏற்கெனவே போட்டிருந்த டாங்கோ மெட்டு இது, ஹாமர்ஸ்டைன் பிறகு வரியை அதற்குள் பொருத்தினார். மெட்டுக்கு எழுதிய பாட்டு. மற்ற பாட்டுகளோடு ஒப்பிட்டுக் கேட்டால், வரிகள் எளிமையாகி மெட்டின் பின்னால் நடப்பது நன்றாகவே தெரியும். பெரி கோமோ இதையும் பாடினார், பெரிய வெற்றி.

'அலெக்ரோ'வைக் கடைசியில் வையுங்கள். நான் இதில்தான் தொடங்கினேன், அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன், இருபதாவது நிமிடத்தில் அக்கா சோபாவிலேயே தூங்கிவிட்டார். குற்றம் அக்காவுடையது இல்லை. 1947இல் வந்த இது ஒரு டாக்டரின் வாழ்க்கையைப் பிறந்த நாளிலிருந்து 35 வயது வரை சொல்கிறது. பழைய கிரேக்க நாடகம் மாதிரி ஒரு குழு நின்று கதையைச் சொல்லிக்கொண்டே போகும், மேடையில் பெரிய அரங்க அமைப்பே கிடையாது. நம் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இது அதிசயமாகத் தோன்றாது, பிராட்வேக்கு அது அப்போது புதுசு. சின்ன ஊர் டாக்டரின் மகன் சிகாகோவுக்குப் போய், நோயே இல்லாத பணக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்து அலுத்துப்போகிறான். 315 காட்சிகள். இந்த நாடகத்தில் எடுபிடி வேலைக்கு வாரம் 25 டாலர் சம்பளத்தில் இருந்த 17 வயதுப் பையன் ஸ்டீபன் சோண்ட்ஹைம், பின்னாளில் பிராட்வேயையே மாற்றியவர்.

பழைய 1947 பதிவில் நாடகத்தின் நிறையப் பகுதி இல்லை. 2009இல் வந்த முழுப் பதிவுதான் வேண்டும், இரண்டு வட்டு நீளம், ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். முதல் பாகம் ஒரு நாள், இரண்டாம் பாகம் இன்னொரு நாள்.

ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் பழைய பதிவுக்குத் திரும்புங்கள். டாக்டரின் நர்ஸ் எமிலி பாடும் 'தி ஜென்டில்மேன் இஸ் எ டோப்', பாடியவர் லிசா கர்க். நியூ ஹேவனில் வெள்ளோட்டக் காட்சியில் இதைப் பாடிக்கொண்டே வாத்தியக்காரர்கள் இருக்கும் பள்ளத்துக்குள் விழுந்துவிட்டார், கீழே இருந்தவர்கள் பிடித்து மேலே தள்ள, பாட்டை விடாமல் தொடர்ந்தார் என்பார்கள். பாட்டில் எமிலி அந்த டாக்டரை மடையன் என்று திட்டுகிறாள். குறைகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறாள். ஒவ்வொரு அடுக்கின் முடிவிலும், அவன் ஒன்றும் என்னுடையவன் இல்லையே, எனக்கென்ன என்று தட்டிவிடுகிறாள். கடைசி முறை வரும்போது மட்டும் அந்த 'இல்லை' மாறி 'என்றைக்கும் ஆகப்போவதில்லை' என்று வருகிறது. வாசிக்கும்போது அந்த ஒரு வார்த்தையைப் பென்சிலால் அடிக்கோடு போட்டு வைத்துக்கொண்டு, பாட்டில் லிசா கர்க் அதை எப்படி விடுகிறார் என்று கேளுங்கள்.